ஃப்ரீசரில் பனி இறுகி இழுப்பறை திறக்கவில்லை: கத்தியால் பெயர்க்கலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் ஃப்ரீசர் அலமாரி போல நிற்கும் வகை. தானாகப் பனி நீக்கும் வசதி கிடையாது. ஒரு மாதமாக வலப்பக்க மேல்மூலையில் பனி பூத்துக்கொண்டே வந்து, இப்போது கட்டைவிரல் பருமனுக்கு இறுகிவிட்டது. மேல் இழுப்பறையை அசைக்கக்கூட முடியவில்லை. குழந்தைக்காகப் பீய்ச்சி எடுத்துச் சேமித்த தாய்ப்பால் பைகள் அதற்குள்தான் இருக்கின்றன. அடுத்த வாரம் வேலைக்குத் திரும்ப வேண்டும். தடித்த கத்தியால் பனியைப் பெயர்த்து எடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம் சகோதரி, கத்தியைத் தொடாதீர்கள். நான் திருப்புளியால் குத்திப் பார்த்தவன். நான்காவது குத்தில் 'உஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், குளிரூட்டும் வாயு வெளியேறிவிட்டது. உங்களுடையதைப் போன்ற ஃப்ரீசர்களில் வாயு ஓடும் மெல்லிய குழாய் சுவருக்குள்ளோ தட்டுகளுக்கு அடியிலோ வளைந்து போகும். பனி மூடியிருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. இப்போது பல வீட்டு ஃப்ரீசர்களில் இருப்பது ஆர்600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. அப்படிச் சத்தம் கேட்டால் அருகிலுள்ள எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. அடுப்பும் எரியக் கூடாது. முதலில் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது பொறுமையான வேலை. ஃப்ரீசரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். வெந்நீரில் பிழிந்த துணியை அந்த மூலையில் மட்டும் ஒற்றி எடுங்கள். துணி ஆறியதும் மீண்டும் நனைத்துப் பிழியுங்கள். தரையில் பழைய துண்டுகளை விரித்து வையுங்கள். இழுப்பறை அசைந்ததுமே பைகளைப் பக்கத்து வீட்டு ஃப்ரீசருக்கு மாற்றிவிட்டு, மீதிப் பனியைக் கதவைத் திறந்து வைத்துத் தானாக உருகவிடுங்கள். குழந்தையைக் கதவருகே விட வேண்டாம். ஈரத் தரையில் நின்றுகொண்டு ஹேர் டிரையர் பிடிப்பதும் ஆபத்து.

பதில் 2:
பனி எல்லா இடத்திலும் சமமாகப் படிந்தால் அது வழக்கமானது. 5 மில்லிமீட்டரைத் தாண்டும்போது உருக்கிவிட்டால் போதும். ஒரே மூலையில் மட்டும் குவிகிறது என்றால் அங்கே வெளிக்காற்று நுழைகிறது என்று பொருள். காற்றிலுள்ள ஈரம்தான் உள்ளே பனியாகிறது. கதவின் ரப்பர் பட்டைக்கு நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல பட்டை காகிதத்தைக் கவ்விப் பிடிக்கும். நான்கு பக்கமும் சோதியுங்கள். பட்டையின் மடிப்புக்குள் விரலை விட்டுத் தடவியும் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வலப்பக்க மேல்மூலையில் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது! பட்டையின் மடிப்பில் ஏதோ வழிந்து, காய்ந்து, கல்லாகக் கிடக்கிறது. நாளை காலை வேலையைத் தொடங்குகிறேன். இடையில் பால் இளகிவிட்டால் என்ன செய்வது?

பதில் 3:
கல் போல் இறுகியிருக்கும் பைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். முழுக்க உருகிய தாய்ப்பாலை மட்டும் மறுபடி உறைய வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடலாம். ஃப்ரிட்ஜுக்கு வெளியே இருந்தால் 2 மணி நேரம்தான். உறைநிலை கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது, இளகினால் விழித்துக்கொள்ளும். குழந்தையின் உணவு என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். ஒரு ஃப்ரீசர் வெப்பமானியும் வாங்கி வையுங்கள். மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் காட்டிய பிறகே பைகளைத் திரும்ப அடுக்குங்கள், அதுவும் கதவை ஒட்டி அல்ல, உள்பக்கமாக.

கேட்டவர்:
வேலை முடிந்தது. ஏழாவது முறை துணி ஒற்றியபோது இழுப்பறை 'டக்' என்று விடுபட்டது. மேலே இருந்த இரண்டு பைகள் இளகியிருந்தன. அவற்றை ஃப்ரிட்ஜில் வைத்து இன்றே கொடுத்துவிட்டேன். மற்ற பதினொன்றும் கல்லாகவே இருந்தன. பட்டையைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஈரம் போக உலர்த்தினேன். இப்போது அந்த மூலையும் காகிதத்தைக் கவ்வுகிறது. மதியம் ஃப்ரீசரைப் போட்டேன். இரவு பத்து மணிக்கு வெப்பமானி மைனஸ் 18 காட்டியது. பக்கத்து வீட்டு அக்கா தூங்காமல் காத்திருந்து பைகளை எடுத்துக் கொடுத்தார்.