இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே உள்ள இடைவெளியை எப்படி மூடுவது?

எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒட்டினாற்போல் கட்டியவை. பொதுச்சுவர் இல்லை, தனித்தனிச் சுவர், நடுவில் கை மட்டும் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. மேலே சுமார் இரண்டு அங்குலம், கீழே போகப் போகக் குறுகல். மழைத்தண்ணீர் நேராக அதற்குள் இறங்குகிறது.

போன மழைக்காலத்தில் தொடங்கியது. படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம். இப்போது பெயின்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் வைத்தால் பூச்சு மாவாக உதிர்கிறது. மழை விட்டும் காய மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டிலும் இதே கதைதான், செலவில் பாதி தருகிறார்கள்.

முதலில் மேல்வாயில் சிமென்ட் கலவை வைத்துப் பூசினோம். வெயில் ஏறியதும் நடுவே நீளமாக விரிசல். இரண்டு கட்டடமும் தனித்தனியாக அசைவதால் கெட்டியான எதுவும் அங்கே நிற்காது. அப்புறம் சிலிக்கோன் அடைப்புப் பசை அடித்தோம். அடியில் தாங்க ஒன்றும் இல்லாததால் உள்ளே தொங்கி, ஓரம் விட்டுவிட்டது. உள்சுவரில் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்ததில் ஈரம் இடம் மாறியதுதான் மிச்சம்.

முக்கியமான விஷயம், எங்கள் மாடிக் கைப்பிடிச்சுவர் அவர்களுடையதைவிட ஓர் அடி உயரம். வளைத்த தகட்டை எங்கள் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிச் செருகி, அவர்கள் பக்கம் ஆணி அடிக்காமல் படியவிடச் சொல்கிறார் ஒரு கொத்தனார். அடியில் தாங்க நுரைக்கயிறு (ஃபோம் கயிறு) திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் (ரப்பர்போல் நெகிழும் அடைப்புப் பசை) போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர்.

இப்படி உயர வித்தியாசம் உள்ள இடைவெளியில், இந்த இரண்டில் எது உங்களுக்கு மழையில் தாக்குப்பிடித்தது?