அசெம்பிள் ஆம்ப்ல 'ம்ம்ம்' இரைச்சல், ஃபில்டர் மாத்தியும் போகல

நீடா_தம்பி:
வணக்கம் அண்ணே. நீடாமங்கலம் பக்கம் கிராமம். அப்பாவுக்குக் காலையில கண்ணு முழிச்சதும் காரைக்கால் எஃப்எம் ஓடணும். அதுக்காக 4440 ஐசி ஆம்ப்ளிஃபயர் போர்டு, 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், யூஎஸ்பி போர்டு எல்லாம் வாங்கி, பழைய டெக் பெட்டியில போட்டு நானே கட்டினேன். பாட்டு நல்லா வருது, அடியில 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். சப்ளையைச் சமமாக்குற ஃபில்டர் கப்பாசிட்டர் 2200 மைக்ரோ ஃபாரட் இருந்துச்சு, 4700 மாத்திட்டேன். அப்படியேதான் இருக்கு. பாட்டு மாறுறப்ப 'கீய்ங்'னு வேற கத்துது.

மன்னை_சவுண்ட்:
மூணு முள் பிளக்குல எர்த் முள்ளை ஒடிச்சு விடு தம்பி, போயிடும்.

குடந்தை_ஈயப்பத்து:
அந்த வேலையே வேண்டாம். இரும்புப் பெட்டி, ஈரத்தரை. என்னிக்காவது டிரான்ஸ்பார்மர் பாடியில அடிச்சா அப்பா கைதான் முதல்ல படும்.

தம்பி, மூணு விஷயம் சொல்லுங்க. வால்யூமை சுத்தமா இறக்கினா இரைச்சல் நிக்குதா? எந்த இடத்துல அதிகம்? வால்யூம் கண்ட்ரோலோட திருகுற கம்பியைக் கையால தொட்டா மாறுதா?

நீடா_தம்பி:
இறக்கினா நின்னுடுது. பாதியில வச்சா ரொம்ப அதிகம், முழுசா ஏத்தினா குறையுது, அதான் புரியல. கம்பியைத் தொட்டா பாதியா அடங்குது!

குடந்தை_ஈயப்பத்து:
அப்ப சப்ளை மேல குத்தம் இல்ல. ஃபில்டர் சரியில்லன்னா வால்யூம் ஜீரோவுலயும் 100 ஹெர்ட்ஸ்ல உறுமிக்கிட்டே கிடக்கும். உங்களுக்கு வர்றது கரண்டோட 50 ஹெர்ட்ஸ், வால்யூம் கண்ட்ரோல் வழியா உள்ள நுழையுது. பாதியில வைக்கிறப்பதான் கண்ட்ரோலோட நடுக்கால் ரெண்டு பக்கமும் ரெசிஸ்டன்ஸ்ல தொங்கும், சுத்தி இருக்கிறதை எல்லாம் இழுக்கும்.

கண்ட்ரோல் முதுகை உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ங்க. அந்தப் பளபளப்பு மேல ஈயம் ஒட்டாது, உருண்டு விழும். தேய்ச்ச இடத்துல ஒரு வயர் வச்சு கிரவுண்டுல சேருங்க. உள்ள ஆடியோவுக்கு ஷீல்டு வயர்தானே (மேல கம்பி வலை சுத்தினது) போட்டிருக்கீங்க?

நீடா_தம்பி:
இல்லண்ணே… ஸ்பீக்கர் வயரையே ஓட்டிட்டேன். டிரான்ஸ்பார்மரை ஒட்டித்தான் போகுது.

குடந்தை_ஈயப்பத்து:
அது பெரிய தப்பு. சிங்கிள் கோர் ஷீல்டு போட்டு, டிரான்ஸ்பார்மருக்கு எதிர்ப்பக்கமா கொண்டு போங்க. 'கீய்ங்' தனிக் கதை: யூஎஸ்பி போர்டும் ஆம்பும் ஒரே சப்ளை, ஒரே கிரவுண்டு, போர்டு இழுக்கிற கரண்டு ஆடியோ கிரவுண்டு வழியாவும் ஓடுது. அது 5 வோல்ட் போர்டா இருந்தா வீட்டுல கிடக்கிற பழைய போன் சார்ஜர்லேருந்து தனியா கொடுத்துப் பாருங்க. சார்ஜரே இரைஞ்சா பி0505எஸ் ஐசோலேட்டர் போட்டுக்கலாம், 5 வோல்ட்டை கிரவுண்டு ஒட்டாம தனியாப் பிரிச்சுக் கொடுக்கிற சின்ன பார்ட் அது.

நீடா_தம்பி (ரெண்டு நாள் கழிச்சு):
அண்ணே, 'ம்ம்ம்' போயே போச்சு! சார்ஜர் போட்டதும் 'கீய்ங்'கும் இல்ல. பக்கத்து வயல்ல மோட்டர் போடுறப்ப மட்டும் பாக்ஸ்ல 'டப்'னு ஒரு அடி.

குடந்தை_ஈயப்பத்து:
ஸ்டார்ட்டர் தீப்பொறி லைன்ல வருது. டிரான்ஸ்பார்மர் பிரைமரிக்கு (வீட்டுக் கரண்டு வர்ற பக்கம்) குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2ன்னு போட்ட கப்பாசிட்டர் வைங்க, லைன் குறுக்கே வைக்கன்னே செஞ்சது அது. சாதா கப்பாசிட்டர் வைக்காதீங்க, வெடிச்சுடும்.

நீடா_தம்பி:
வாங்கிட்டு வந்தேன். அப்பா வேண்டாம்னுட்டார். 'டப்'னு கேட்டாதான் மோட்டருக்கான மும்முனைக் கரண்டு வந்துடுச்சுன்னு தெரியுதாம், அவரும் நம்ம மோட்டரைப் போடக் கிளம்பிடுறார்.