அவுட்டான குழந்தை எங்கே போகிறது? சிறு வகுப்புகளின் ஓட்ட விளையாட்டுகள் – அனுபவப் பகிர்வு

இரண்டாம் வகுப்பு ஆசிரியை:

இசை நாற்காலி விளையாட்டில் முதல் சுற்றிலேயே வெளியேறுவது யார் என்று கவனித்தால், பெரும்பாலும் ஓடிப் பழக்கம் குறைந்த, சற்றுத் தயங்கி நிற்கும் குழந்தையாகவே இருக்கிறது. ஓட்டம் யாருக்கு மிகவும் தேவையோ அந்தக் குழந்தை சுவரோரம் உட்கார்ந்திருக்க, ஏற்கெனவே நன்றாக ஓடுகிறவர்கள் கடைசிவரை ஓடுகிறார்கள். ஆகவே என் வகுப்பில் நாற்காலிகளுக்குப் பதிலாகத் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வட்டத்தை அழித்துவிடுகிறோம். ஆனால் ஆட்களைக் குறைப்பதில்லை. இசை நின்றதும் அனைவருடைய பாதங்களும் மீதமிருக்கும் வட்டங்களுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. (பிளாஸ்டிக் வளையங்கள் வழவழப்பான தரையில் வழுக்குகின்றன, சுண்ணக்கட்டியே மேல்.)

ஒருமுறை மூன்றே வட்டங்கள் எஞ்சியிருந்தபோது, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு சிறுமி வட்டத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, பாதங்களை மட்டும் உள்ளே நீட்டினாள். நிற்க வேண்டும் என்று விதியில் இல்லையே என்று அவள் கேட்டபோது மறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அடுத்த நொடியே மற்றவர்களும் உட்கார்ந்து, சக்கரத்தின் ஆரங்களைப் போலக் கால்களை நடுவை நோக்கி நீட்டிவிட்டார்கள். வழக்கமான ஆட்டத்தில் அந்நேரம் அவள் வெளியே உட்கார்ந்திருப்பாள்.

உடற்கல்வி ஆசிரியர்:

ஆசிரியை குறிப்பிட்ட குறை எங்கள் துறையில் பழைய விவாதம். 1992-இல் அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியர் நீல் வில்லியம்ஸ் ஓர் உடற்கல்வி இதழில், பள்ளிகள் கைவிட வேண்டிய விளையாட்டுகள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டார். அதில் இசை நாற்காலியும் தொடரோட்டமும் இடம்பெற்றிருந்தன. பலரைக் காத்திருக்க வைப்பதும், வெளியேற்றுவதும், எல்லோர் முன்னிலையிலும் ஒரு குழந்தையைக் கூச வைப்பதும் அவருடைய முக்கியமான ஆட்சேபங்கள். தொடரோட்டத்தை முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை; கோளாறு ஆட்டத்தில் இல்லை, வரிசையின் நீளத்தில்தான் இருக்கிறது. 30 குழந்தைகளை ஆறு பேர் கொண்ட ஐந்து வரிசைகளாக நிறுத்தி 20 நிமிடம் ஆடினால், ஒருவர் ஓடுவது மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதே குழந்தைகளை மும்மூன்று பேராகப் பிரித்தால் அது ஏறத்தாழ ஏழு நிமிடமாகிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை என்பதால், இந்த வித்தியாசம் சிறியதன்று.

ஆறு, ஏழு வயதினருக்கு நான் முதலில் எடுக்கும் ஆட்டம் வால் பறித்தல். ஒவ்வொருவரும் ஒரு துணிப்பட்டையை இடுப்பின் பின்புறம் செருகிக்கொண்டு, தம் வாலைக் காத்தபடி மற்றவர்களுடையதைப் பறிக்க வேண்டும். வாலை இழந்தவர் ஓரத்திலுள்ள கூடையிலிருந்து வேறொன்றை எடுத்துச் செருகிக்கொண்டு உடனே ஆட்டத்துக்குத் திரும்பலாம். பட்டையை முடிச்சுப் போடக் கூடாது; இழுத்ததும் கழன்று வர வேண்டும். இந்த வயதில் பின்னால் பார்த்துக்கொண்டே முன்னால் ஓடுவார்கள் என்பதால், மோதாமல் விலகப் போதிய இடம் வேண்டும். ஓட்டத்தின் எல்லையாகச் சுவரை ஒருபோதும் வைக்காதீர்கள். சுவரைத் தொட்டுத் திரும்பச் சொன்னால் முழு வேகத்தில் போய் உள்ளங்கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டுதான் அடி வாங்கும். கோட்டைச் சுவருக்கு நன்கு முன்னதாகவே போட்டுவிட வேண்டும்.

ஒரு பெற்றோர்:

விடுமுறை நாள்களில் அண்டை வீட்டுக் குழந்தைகளை விளையாட வைப்பது என் பொறுப்பு. அங்கே என்னை அதிகம் சோர்வடையச் செய்தது ஓட்டமல்ல, "தொட்டேன்", "தொடவில்லை" என்ற வழக்குதான். சிறு குழந்தைகள் விதிகளை மாற்றவே முடியாதவை என்று நம்பிக்கொண்டே, ஆடும்போது அவரவர் போக்கில் ஆடுவார்கள் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கோலி விளையாடும் குழந்தைகளைக் கவனித்து எழுதியிருப்பதைப் படித்தபோது, எங்கள் திடலைப் பார்த்துவிட்டே எழுதினாரோ என்று தோன்றியது. வால் பறித்தலில் இந்த வழக்கு எழுவதில்லை. துணி யார் கையில் இருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

பிடிபட்டவர்கள் கைகோத்துச் சங்கிலியாக ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தையும் விரும்பி ஆடுகிறார்கள். ஆனால் சங்கிலி நீண்டால் திரும்பும்போது முனையில் இருக்கும் குழந்தை வீசி எறியப்படுகிறது. நால்வர் சேர்ந்ததும் இரண்டு ஜோடிகளாகப் பிரிந்துவிட வேண்டும் என்ற விதியைச் சேர்த்த பிறகு விழுவது வெகுவாகக் குறைந்தது.

சிறப்புக் கல்வி ஆசிரியை:

செவித்திறன் குறைந்த ஒரு மாணவனுக்காக, விசிலோடு சிவப்புக் கொடியையும் உயர்த்தத் தொடங்கினோம். கொடியைக் கண்டவர் அப்படியே நின்று தம் கையையும் உயர்த்த வேண்டும். கூச்சலில் விசில் கேட்காத மற்ற குழந்தைகளும் இப்போது முன்பைவிட விரைவாக நிற்கிறார்கள்.

மற்றொரு பெற்றோர்:

யாருமே வெளியேறாத ஆட்டங்களை மட்டும் ஆடினால், தோற்பதைக் குழந்தைகள் எப்போது பழகுவார்கள்?

இரண்டாம் வகுப்பு ஆசிரியை:

நியாயமான கேள்வி. எங்கள் வகுப்பிலும் வெளியேற்றும் ஆட்டங்கள் உண்டு. ஆனால் ஒரு சுற்று ஒரு நிமிடத்தைத் தாண்டாது. "சைமன் சொல்கிறார்" என்று தொடங்கும் கட்டளைக்கு மட்டுமே கீழ்ப்படிய வேண்டிய ஆட்டத்தை இரண்டு வட்டங்களாக நடத்தி, ஒன்றில் தவறியவரை மற்றொன்றுக்கு அனுப்புகிறோம். தவறிவிட்டோம் என்பது அவருக்கும் தெரிகிறது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரிகிறது. ஆனால் அந்த வட்டத்தை அடைய அவர் ஓடித்தான் ஆக வேண்டும்.