குதிரைச் சந்தியோகுமையோர்: எங்கட கோயிலுக்கும் அந்தச் சொரூபம் வேணுமோ?

வலைக்காரி:
மச்சாள் போன மாசம் ஸ்பெயினில சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு நடந்து போய்வந்தவ. இயேசுவின்ர அப்போஸ்தலர் யாகப்பற்ற, அதுதான் எங்கட சந்தியோகுமையோற்ற, கல்லறை அங்க இருக்கெண்டு 9ஆம் நூற்றாண்டில இருந்து சனம் நம்பி நடக்குது. ஊருக்குப் பேரே அவற்ற பேர்தான்: சந்த் யாகோ, புனித யாகப்பர். போர்த்துக்கேயர் அவரை இங்க கொண்டுவர, எங்கட சந்தியாப்பிள்ளையளுக்குப் பேர் வந்ததும் அந்த வழியாலதான்.

பேராலயத்தில இருக்கிற ஒரு சொரூபத்தைப் படமெடுத்து அனுப்பினவ. 18ஆம் நூற்றாண்டு வேலை. வெள்ளைக் குதிரை, ஓங்கின வாள், குதிரையின்ர காலடியில ஒரே பூ. ஏன் அவ்வளவு பூ எண்டு கேட்டன். வெட்டுண்டு கிடக்கிற மூர்களை மறைக்கத்தானாம். மூர் எண்டா முஸ்லிம்கள். 2004இல அந்தச் சொரூபத்தை அருங்காட்சியகத்துக்கு மாத்தப்போறம் எண்டு ஆலயத்தார் அறிவிக்க, எதிர்ப்புக் கிளம்பி, கடைசியில அது இருந்த இடத்திலயே நிக்குது.

இப்ப எங்கட கோயிலுக்குச் செய்யப்போற புதுச் சொரூபத்துக்கும் அதே குதிரைப் படத்தைத்தான் காட்டினம். எனக்கு மனம் ஒப்பேல்லை.

கரையூரான்:
தங்கச்சி, அவரைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது எண்டது சரி. ஆனா 17ஆம் நூற்றாண்டிலயே அவருக்கு யாழ்ப்பாணத்தில தமிழில அம்மானை பாடியாச்சு. இன்னும் எப்பிடி அவர் வெளியாள்? கச்சான் காத்துக்கு வள்ளம் ஆடேக்க "சந்தியோகுமையோரே" எண்டு கூப்பிட்டா குதிரையில வருவார் எண்டு அம்மம்மா சொல்லுவா. நடந்து வந்தா நேரத்துக்கு வந்து சேரமாட்டார் எண்டு அவ உண்மையா நம்பினவ. 1993 நவம்பர் 13 குருநகர் யாகப்பர் கோயிலுக்குக் குண்டு போட்டதை நினைச்சுப் பாருங்கோ. அவ்வளவு பட்ட சனம் தங்களைக் காக்க வாற ஒருத்தரைக் குதிரையில பாக்க ஆசைப்படுறதில என்ன பிழை?

வலைக்காரி:
அண்ணை, குதிரையில வாறவரோட எனக்குக் கோவமில்லை. குளம்புக்குக் கீழ கிடக்கிறவனைப் பற்றித்தான் கேக்கிறன். ஸ்பெயினில சண்டை பிடிச்ச ஆக்களுக்கு வைச்ச "மூர்" எண்ட பேரைத்தானே போர்த்துக்கேயர் இங்க வந்து எங்கட முஸ்லிம்களுக்கும், அதுதான் சோனகருக்கும், வைச்சவை?

1990 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள்ள வெளிக்கிடச் சொல்லிப் புலிகள் துரத்தினது எனக்கு வாசிச்ச கதையில்லை. சோனகத் தெருவில இருந்த ஒரு ஆச்சி தன்ர தையல் மெஷினை அம்மாட்டைத் தந்திட்டுப் போனவ. சில்லில நூல் கொழுவினபடி, ஊசிக்குக் கீழ பாதி தைச்ச பிள்ளைச் சட்டை. அம்மா அந்தச் சட்டையைக் கழட்டவே இல்லை. சமாதான காலத்தில ஆச்சி வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போகேக்கையும் அது ஊசிக்குக் கீழதான் இருந்தது. அவவின்ர பேரப்பிள்ளையள் இப்ப திரும்பி வந்து இருக்கினம். பெருநாளுக்குச் சொரூபம் றோட்டால வரேக்க அதுகளும் வாசலில நிண்டு பாக்குங்கள்.

ஏடு:
இடையில ஒண்டு. யாகப்பர் குதிரையில வந்து சண்டை பிடிச்சவர் எண்டு சொல்லுற கிளாவிகோப் போருக்கு 844 எண்டு ஆண்டு குடுப்பினம். அப்பிடியொரு போரே நடக்கேல்லை எண்டுதான் வரலாற்றுக்காரர் சொல்லினம்.

கரையூரான்:
நடந்ததோ இல்லையோ, பக்திக்கு அது கணக்கில்லை. தேவதூதர் மிக்கேல் சம்மனசின்ர காலுக்குக் கீழயும் ஒருத்தன் கிடக்கிறான். சூரன் போரில தலை விழேல்லையோ? ஒண்டைத் தொட்டா எல்லாத்தையும் தொடவேண்டி வரும். கடலுக்கு அங்கால இராமேஸ்வரத் தீவில, வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு முஸ்லிம் சனமும் வாறது. அவருக்கு மதம் பாத்துக் காக்கத் தெரியாது.

வலைக்காரி:
மிக்கேலின்ர காலுக்குக் கீழ கிடக்கிறது பிசாசு. இது மனுசன். இரண்டையும் ஒரு தட்டில வைக்காதேங்கோ.

வேதத்தில இருக்கிற யாகப்பரைப் பாருங்கோ. இயேசு கூப்பிடேக்க அவர் தம்பி அருளப்பரோட வள்ளத்துக்குள்ள இருந்து கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு இருந்தவர். குதிரை ஏறினதாய் ஒரு வரியும் இல்லை. அப்போஸ்தலர் பணி 12ஆம் அதிகாரத்தில ஏரோது அவரை வாளால கொல்லுறான். வாளுக்குப் பலியான மனுசன்ர கையில அதே வாளைக் குடுக்க எங்களுக்கு எப்பிடி மனம் வருது? எங்கட ஆக்கள் விடியக் கரையில இருந்து, ஒரு கால்பெருவிரலில வலையைக் கொழுவி இழுத்துப் பிடிச்சுப் பொத்தினம். அந்தக் கோலத்தில அவரை வைச்சா ஆருக்கு அவரைத் தெரியாமல் போகும்?

பாசையூர் மருமகள்:
வலைக்காரி சொல்லுறதுதான் எனக்கும். ஆனா இருக்கிற பழைய சொரூபத்தில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. புதுசைப் பற்றி மட்டும் கதையுங்கோ.

கரையூரான்:
பழசை ஆரும் தொடமாட்டினம், அதுக்கு நான் பொறுப்பு. தங்கச்சி, தையல் மெஷின் கதையை வீட்டில வாசிச்சுக் காட்டினனான். கீழ மனுசரைச் செதுக்க வேண்டாம் எண்டு கூட்டத்தில நானே சொல்லுறன். ஆனா குதிரையை நான் விடமாட்டன். ஞாயிறு முதல் பூசை முடியச் சொரூபம் செய்யிறவர் அளவெடுக்க வாறார். அம்மம்மாவின்ர பழைய படத்தை நான் கொண்டுவாறன், நீங்கள் வலை பொத்துற யாகப்பரைக் கீறிக்கொண்டு வாங்கோ. பங்குச் சுவாமிக்கு முன்னால இரண்டையும் வைப்பம்.