சிங்கப்பூர் சிலேத்தார் விமான நிலையத்தில் நிற்கும் ஜெட்: டயர் அழுத்தம் இறங்குது

கேள்வி: அண்ணே, சின்ன ஜெட்டோட மெயின் டயர், ஒரே நாளில் 4% குறையுது. கசிவா?

பதில்: புதுசா மாட்டிய டயரா தம்பி? நைலான் இழை விரியும், முதல் 12 மணி நேரம் அழுத்தம் இறங்கத்தான் செய்யும். அப்புறமும் நாளுக்கு 5% வரை ஏற்கலாம். தரையிறங்கி 2 மணி நேரமாவது ஆறணும், பிறகுதான் கேஜ் வைத்து அழுத்தம் பார்க்கணும். 3 டிகிரி சூடு ஏறினாலே அழுத்தம் 1% கூடும். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது.

பதில்: வால்வு வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்க. குமிழ் நிற்காமல் வந்தால் வால்வுக்குள் இருக்கும் அடைப்பானை (valve core) மாற்றணும். பக்கச்சுவரின் சிறு துளைகளில் வருவது கசிவல்ல, டயரின் அடுக்குகளில் ஊறும் காற்று வெளியேறவே வைத்த வழி அது.

பதில்: நிரப்புவது நைட்ரஜன் மட்டும். இருக்க வேண்டிய அழுத்தத்தில் 80%க்குக் கீழே போயிருந்தால் அதே அச்சின் ஜோடி டயரையும் கழற்றுங்க. கூடுதல் பாரத்தை அந்த ஜோடி டயர்தான் தாங்கியிருக்கும்.