31,000 ரூபாய் போனுக்கு 6,500 தானா? ஏன் இப்படி விழுகிறது?

சங்ககிரிவாசி:
2022 ஆகஸ்டில் 31,000 ரூபாய் கொடுத்து ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். முதல் நாளிலிருந்தே உறை போட்டு வைத்திருந்ததால் ஒரு கீறல் கிடையாது, டப்பா, பில், சார்ஜர் எல்லாம் அப்படியே இருக்கிறது. விற்றுவிடலாம் என்று போன வாரம் சேலத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். அதிகபட்சமாகச் சொன்ன விலை 6,500. மகளுக்கு 2021-ல் 14,000 கொடுத்து வாங்கிய டேப்லெட்டை நீட்டினால் 1,500 என்றார்கள், அதுவும் வேண்டா வெறுப்பாக. அப்பாவிடம் 2014 மாடல் ஸ்ப்ளெண்டர் ஒன்று இருக்கிறது, சைலன்சர் எல்லாம் துரு, அதை 20,000-க்குக் கொடுக்கிறீர்களா என்று பக்கத்து வீட்டுக்காரர் இப்போதும் கேட்கிறார். போனுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? கடைக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து அடிக்கிறார்களா, இல்லை எனக்குத்தான் விற்கத் தெரியவில்லையா?

மொட்டைமாடி:
அதே காசுக்கு அன்றைக்குத் தங்கம் வாங்கியிருந்தால் என்று நான் கேட்க மாட்டேன். வீட்டில் கேட்பார்கள்.

ரிச்சிதெரு_பழசு:
அண்ணா, நான் பழைய போன் வாங்கி விற்கிற கடையில் பதினோரு வருஷம் இருந்தவன், அதனால் அந்தப் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நீங்கள் 31,000-லிருந்து கீழே இறங்கி வருகிறீர்கள். கடைக்காரன் உங்கள் பில்லைத் திருட்டு போன் இல்லை என்பதற்குத்தான் பார்ப்பான், அதில் இருக்கும் தொகையைப் பார்க்கவே மாட்டான். அவன் தொடங்குவது இன்றைக்குக் கடையில் இருக்கும் புது போனிலிருந்து. உங்கள் போன் செய்கிற வேலையை இன்று 15,000, 16,000 ரூபாய் புது போன் செய்துவிடும். அதற்கு ஒரு வருஷ வாரண்டி உண்டு, ஈஎம்ஐ உண்டு, கார்டுக்குத் தள்ளுபடி உண்டு, பேட்டரி புதுசு. அப்படியிருக்க உங்கள் போனை 14,000-க்கு யார் வாங்குவார்? பாதிக்குப் பக்கத்தில் வந்தால்தான் கையில் எடுத்தே பார்ப்பார்கள். சரி, 9,500-க்கு விற்கலாம் என்று வையுங்கள். பேட்டரி மாற்ற ஆயிரம் சொச்சம், ஒரு மாதம் கடை வாரண்டி கொடுக்க வேண்டும், வாடகை, பையனுக்குச் சம்பளம். 6,500 வந்துவிட்டதா?

இதில் வெளியே தெரியாத விஷயம் ஒன்று உண்டு. போன் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போதே அழுகும், தக்காளி மாதிரி. தீபாவளி ஆஃபர் வந்து புது போன் விலை ஒரே ராத்திரியில் 3,000 குறைந்தால் எங்கள் ஸ்டாக் மொத்தமும் அன்றைக்கே இறங்கிவிடும். அதனால் வாங்கும்போதே அடுத்த மாதத்து விலைக்குத்தான் வாங்குவோம்.

அப்புறம் பச்சைக்கோடு. ஒருமுறை 9,000 கொடுத்து ஒரு போன் எடுத்தேன், பார்க்கப் பளபளவென்று இருந்தது, நாலாவது நாள் திரை நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக்கோடு விழுந்தது. அந்த மாடலுக்கு காம்போ, அதாவது டச்சும் டிஸ்ப்ளேயும் சேர்ந்தது, அன்று 7,500. கொண்டுவந்தவர் மேல் தப்பில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. இப்படி ஒன்று போனால் அந்த நஷ்டத்தை அடுத்து வருகிற பத்து பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்போம். நீங்கள் கண்போல வைத்திருந்த போனுக்கும் அதே வெட்டு விழும், ஏனென்றால் நீங்கள் அப்படி வைத்திருந்தது எங்களுக்குத் தெரிய வழியில்லை. வண்டி என்றால் உதைத்து ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டு, புகையின் நிறம் பார்த்து, தெருமுனை மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆர்சி புத்தகத்தில் யார் கை மாறியது என்று இருக்கும். போனைத் தட்டிப் பார்த்தால் உள்ளே போர்டு தண்ணீர் குடித்திருக்கிறதா என்று தெரியுமா?

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் விட்டது ஒன்று: வரி. 2020 ஏப்ரலிலிருந்து செல்போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு முன் 12. 31,000-ல் ஏறக்குறைய 4,700 ரூபாய் வரியாகவே போய்விட்டது. டப்பாவைப் பிரித்த நிமிஷமே அந்தப் பணம் அரசாங்கத்துக்கு.

ரிச்சிதெரு_பழசு:
சார், வண்டிக்கும் ஜிஎஸ்டி கட்டித்தானே வாங்குகிறார்கள்? அது ஏன் இப்படி விழவில்லை? பழைய போனுக்குப் போட்டியாக நிற்கும் புது போனிலும் அதே 18 சதவீதம் இருக்கிறது. வரி காரணம் இல்லை.

கணக்குப்பிள்ளை:
சரி, அது நியாயம்தான். வாபஸ்.

குறுநிரல்:
சாஃப்ட்வேர் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி விலையைத் தின்பது அதுதான். 2022-ல் நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன்களில் பலவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று வருஷம்தான் அப்டேட் தருவதாகச் சொன்னார்கள். உங்களுடையது அந்த ரகம் என்றால் வாங்குகிறவர் கைக்குப் போகும்போதே காலாவதி. காலாவதி ஆனாலும் போன் ஓடும், உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள், பல வருஷம் கழித்து ஆப்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். வாட்ஸ்அப் 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே இருந்த போன்களைக் கைவிட்டது. பணம் அனுப்பும் ஆப்களும் அப்படித்தான். நம் ஊரில் யூபிஐ ஓடாத போன் போனே இல்லை.

ஐபோன் மட்டும் ஏன் தாக்குப்பிடிக்கிறது என்று அடுத்து யாராவது கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஸ்ரீபெரும்புதூரில்கூட அதை அசெம்பிள் செய்தார்கள். 2025-ல் ஐபோன் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பான ஐஓஎஸ் 26 வந்தபோதுதான் அதை அப்டேட் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஏழு வருஷம். போதாததற்கு வருஷத்துக்கு நாலைந்து மாடல்தான் விடுகிறார்கள், அதனால் கடைக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் ஒவ்வொன்றின் விலையும் மனப்பாடம். சில ஆண்ட்ராய்டு கம்பெனிகள் மாதம் ஒரு பெயரில் விடும் போன்களை அவற்றை வாங்கினவருக்கே அடையாளம் தெரியாது. இப்போது கொஞ்சம் மாறுகிறது: 2023 அக்டோபரில் கூகுளின் பிக்சல் 8, 2024 ஜனவரியில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24, இரண்டுக்கும் ஏழு வருஷ அப்டேட் என்றார்கள். ஆனால் 15,000 ரூபாய் போனுக்கு அந்த வாக்கு கிடைக்காது.

பேட்டரியையும் மறக்காதீர்கள். ஐபோன் 14 வரைக்கும் 500 முழு சார்ஜுக்குப் பிறகு புதுசில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதம் நிற்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிளே சொல்கிறது, 15-லிருந்துதான் அது 1,000. தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் 500 என்பது ஒன்றரை வருஷம்கூட இல்லை. வேதியியல் அது, உறை போட்டாலும் குறையும்.

நெல்லை_அம்மா:
டேப்லெட் பற்றி யாரும் பேசவில்லையே. நானும் அதே 2021-ல் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கி மாட்டிக்கொண்டவள்தான். அப்போது கடையில் ஸ்டாக்கே இல்லை, கேட்ட விலையைக் கொடுத்தோம். நவம்பர் 1-ஆம் தேதி ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரைக்கும் பள்ளி திறந்தார்கள், அந்த மாதமே எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ஆறு டேப்லெட் விற்பனைக்கு வந்தது, வாங்க ஆளில்லை. போன் இல்லாமல் யாராலும் இருக்க முடியாது, உடைந்தால் அன்றைக்கே பழையதாவது வாங்கியாக வேண்டும். டேப்லெட் உடைந்தால் ஒருவருக்கும் அவசரம் கிடையாது. அதிலும் 32 ஜிபி, சிம் போட முடியாது, வைஃபை மட்டும் என்றால் 1,500 கொடுக்கிறேன் என்றவரை நல்லவர் என்றுதான் சொல்வேன்.

சங்ககிரிவாசி:
எல்லோருக்கும் நன்றி. கூட்டுச் சேர்ந்து அடிக்கிறார்கள் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், பாதியாவது. யோசித்தால் 6,500-க்குக் கொடுத்துவிட்டு அப்பாவுக்கு 9,000 ரூபாயில் ஒரு புது போன் வாங்கப் பார்த்திருக்கிறேன், அது இதைவிட மட்டமாகத்தான் இருக்கும். பேட்டரி மட்டும் மாற்றி இதையே அவருக்குக் கொடுக்கிறேன். டேப்லெட்டைச் சமையலறையில் மாட்டிவிட்டேன், அம்மா சீரியல் பார்க்கிறார்.

ரிச்சிதெரு_பழசு:
நல்லது. அப்பாவிடம் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் போய் உங்கள் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அதற்குப் பிறகு ரீசெட் போடுங்கள். வரிசை முக்கியம். கணக்கை எடுக்காமல் பட்டனை அமுக்கி ரீசெட் போட்டால் பழைய பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். எங்களிடம் வருவதில் எத்தனையோ போன் இப்படித்தான், பாஸ்வேர்டு மறந்துபோய் வெறும் ஸ்பேர் பார்ட்ஸ் விலைக்குப் போகும்.

சங்ககிரிவாசி:
செய்துவிட்டேன். உறை பழசாக இருக்கிறது, புதுசு வாங்கு என்கிறார் அப்பா.