எச்சிலை முழுங்க முடியாத தொண்டை வீக்கம் (எபிகுளோட்டைட்டிஸ், அதாவது மூச்சுக்குழல் வாசல்ல இருக்க குரல்வளை மூடி வீங்குதது): பாத்தவிய சொல்லுங்க

வள்ளியூர்க்காரி:
தங்கச்சி மகன், மூணு வயசு. காலையில தெருவுல ஓடுன பய, பொழுதடைய அனலா கொதிக்கான். இருமல் கிடையாது. கட்டில் விளிம்புல ரெண்டு கையையும் முன்னால ஊணி, நாடியை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். எச்சில் வடிஞ்சு சட்டை முன்பக்கம் பூரா ஈரம். படுக்க வச்சா திணறி எந்திரிக்கான். எங்க ஆச்சி சுக்குத்தண்ணியோட நிக்கா. கிளினிக்குல டாக்டர் நாக்கை அமுக்க குச்சியை எடுத்துட்டாரு. பக்கத்துல நின்ன நர்ஸம்மா, "சார், எச்சில் வடியுது பாருங்க, வாயைத் தொடாண்டாம்"னு அவரு கையைப் பிடிச்சா பாருங்க, அதுதான் இன்னும் கண்ணுல நிக்கி. ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு 108-ல, அவன் அம்மா மடியில உக்காந்தபடியே வந்தான். தியேட்டர்ல மயக்க டாக்டரும் காது மூக்கு தொண்டை டாக்டரும் நின்னு மூச்சுக்கு டியூப் போட்டாவ. தடுப்பூசி அட்டையைப் பாத்தா, மூணு டோஸ் போட வேண்டிய ஊசி ஒரு டோஸோட நிக்கி.

அம்பை சுப்பு:
பிள்ளைகளுக்கு மட்டும் வரும்னு நினைக்காதிய. எங்க அண்ணாச்சிக்கு சுகர் உண்டு. தொண்டை வலி உயிர் போகுதுங்காரு, டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. மாத்திரை குடுத்து அனுப்பிட்டாவ. மறுநாள் பேச்சு, வாயில சுடுசோத்தை வச்சுக்கிட்டுப் பேசுத மாதிரி. டம்ளர்ல துப்பிக்கிட்டே பாளையங்கோட்டை போனோம். மூக்கு வழியா கேமரா விட்டாவ, குரல்வளை மூடி செவந்து வீங்கிக் கெடக்கு. ஐசியூல ஊசி மருந்தோட தப்பிச்சிட்டாரு, டியூப் தேவைப்படல.

தென்காசி மாமா:
இதுக்கா இம்புட்டு பயம்? எம்மவளுக்கும் மூச்சு இழுத்துச்சு, ஆவி பிடிச்சோம், விடிஞ்சா சரியாப் போச்சு.

மேலப்பாளையம் நர்ஸ்:
மாமா, உங்க மகளுக்கு குரைக்குத இருமல் இருந்துச்சா? அப்பம் அது குரூப்புங்குத (croup) வைரஸ் குரல்வளை வீக்கமா இருக்கும். சளியில தொடங்கி ஒண்ணு ரெண்டு நாள்ல வரும், குரல் கம்மும். இங்க சொல்லுதது வேற. மணிக்கணக்குல முத்தும், இருமல் அநேகமா இருக்காது, எச்சில் வடியும். ஆவின்னு பிள்ளையை அழ வச்சாலே மூச்சுக்குழல் அடைச்சிரலாம். படுக்க வைக்காதிய, கரண்டி விடாதிய, தண்ணி மாத்திரை எதுவும் குடுக்காதிய. எக்ஸ்ரேயில கட்டைவிரல் தடிமனுக்கு மூடி தெரியும், ஆனா திணறுத பிள்ளையை எக்ஸ்ரேக்கு அலைய விடக்கூடாது. முதல்ல மூச்சுப் பாதை, பெறகுதான் மத்ததெல்லாம். பிள்ளைகள்ட்ட இதுக்கு முக்கியமான காரணம் ஹிப் (Hib) கிருமி, ஹீமோபிலஸ் இன்புளுயன்சா பி-ங்குத பாக்டீரியா. அதுக்கான ஊசி ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட்ல சேந்திருக்கு. 2011 டிசம்பர்ல நம்ம தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான் முதல்ல தொடங்குனாவ. 6, 10, 14 வாரத்துல மூணு டோஸ். ஊசி பரவலான பெறகு இப்ப பெரியவங்கள்ட்டதான் கூடுதலா பாக்காவ, அம்பை சுப்பு சொன்னது சரி.

வள்ளியூர்க்காரி:
அக்கா, ஒன்றரை வயசு ஊசியில இது உண்டா? சின்னவளுக்கு வார புதன்கிழமை போடணும்.

மேலப்பாளையம் நர்ஸ்:
அரசு ஊசியில அப்பம் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர்தான், ஹிப் கிடையாது. தனியார்ல பூஸ்டர் போடுதாவ, பிள்ளை டாக்டர்ட்ட கேளு. முதல்ல அவ அட்டையில மூணு டோஸும் இருக்கான்னு பாரு.